முகம் இல்லாத ஆறு பேர்

தகரக் கதவை யாரோ பெயர்த்து எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்றுதான் நிக்கோல் நினைத்தாள். அப்படி ஒரு அடி. மேசை மேல் இருந்த டீ டம்ளரே அதிர்ந்தது. கே.ஜி.எஃப்-இல் நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தின் பழைய குவார்ட்டர்ஸ் வீடுகளுக்கெல்லாம் முன்வாசலில் தகரக் கதவுதான். மெதுவாகத் தட்டினாலே இடி இறங்கும். இது மெதுவாகத் தட்டுகிற கை இல்லை.

“பியூலா! அடி பியூலா! கதவைத் தொறக்கறியா, இல்ல போட்ட பவுடரெல்லாம் இந்த வெயில்லயே கரையட்டும்னு விட்றியா?”

பாக்கியவதி ஆன்ட்டி. சபையில் பெண்கள் ஐக்கியத்தின் செயலாளர். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அவர் ரகசியம் பேசினால், அது முடிகிறவரை போதகர் பிரசங்கத்தை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்.

அம்மா பியூலா ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். நிக்கோல் பின்னால் வந்து எட்டிப் பார்த்தாள். வாசலில் நான்கு பட்டுப்புடவைகள் நின்றன.

முதல் புடவை பாக்கியவதி. மயில்கழுத்து நிறம், கையகலச் சரிகை, அதை நிரப்பிக்கொண்டு கம்பீரமாக ஓர் உடம்பு. இரண்டாவது, ஆண்டர்சன்பேட்டையில் பாத்திரக்கடை வைத்திருக்கும் கோதண்டராமன் மனைவி சுந்தரி. கொக்கு மாதிரி உயரம், ஒட்டின கன்னம், தலையில் ஒரு முழுக் கல்யாண வீட்டுக்குத் தேவையான மல்லிகை. மூன்றாவது, சுந்தரியின் மருமகள் ரூபா. இருபத்தெட்டு வயது, பள்ளிக்கூடத்தில் குண்டு எறிதலில் கப்பு வாங்கிய தோள்கள். நான்காவது புடவை தானாகவே நடந்து வந்த மாதிரி இருந்தது. உற்றுப் பார்த்ததும் உள்ளே பாப்பம்மா இருப்பது தெரிந்தது. எண்பதை நெருங்கிய பாப்பம்மா, நாலரை அடி உயரம். வாய் மட்டும் ஆறடி.

“இன்னாடி பொண்ணு முழிக்கறா? வாங்கன்னு சொல்ல மாட்டாளா?” என்றது அந்த வாய்.

“வாங்க ஆயா” என்றாள் நிக்கோல், அம்மாவை முறைத்துக்கொண்டே.

நேற்றே படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். ‘நாலு பேரைக் கூப்பிடும்மா. வேற வேற வயசு, வேற வேற உடம்பு. உன்னோட சேர்த்து அஞ்சு. வீட்ல எப்படி இருப்பாங்களோ அப்படியே வரட்டும், நைட்டியில வந்தாலும் பரவால்ல.’ அம்மாவும் எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் சொன்னாள். ஆனால் ‘படம் வரையப் போறா’ என்பதை முதலில் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு சொன்னது எதுவும் யார் காதிலும் ஏறவில்லை.

விஷயம் இதுதான். பெங்களூரில் பெண்களுக்கென்று வரிசையாகக் கிளினிக் திறக்கும் ஒரு கம்பெனி, சுவர்களில் ஆறடி உயரத்தில் பெண்களின் படங்கள் வேண்டும் என்று நிக்கோலிடம் கேட்டிருந்தது. எல்லா வயதும் இருக்க வேண்டும், எல்லா உடம்பும் இருக்க வேண்டும். நன்றாக அமைந்தால் வருடம் முழுக்க அவர்களுக்கே வரையலாம், இதே வீட்டில் உட்கார்ந்து. அமையாவிட்டால் திங்கட்கிழமை விடியும் முன்னால் ரயிலேற வேண்டும். அம்மா அதற்கும் ஏற்பாடு செய்து வைத்திருந்தாள். ஃப்ரெடி மாமா வேலை பார்க்கும் பெங்களூர் கால் சென்டரில் ஹெட்போன் மாட்டிக்கொள்ளும் உத்தியோகம். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். நின்றுகொண்டு.

“படம் போட்றது இருக்கட்டும், வேலைன்னு ஒண்ணு வேணுமில்ல?” என்பது பியூலாவின் கட்சி.

முதல் தடவை நிக்கோல் மனதிலிருந்தே வரைந்து அனுப்பிய படங்களைப் பார்த்துவிட்டு அந்தக் கம்பெனியின் டிசைன் மேடம் போனில் சிரித்தார். “ஒரே பொம்மையை எடுத்து, கொஞ்சம் கொஞ்சமா காத்து ஊதி வரிசையா நிக்க வெச்ச மாதிரி இருக்கு நிக்கோல். உங்க ஊர்ல நிஜமான பொம்பளைங்களே இல்லையா?”

இருந்தார்கள். இதோ, ஹாலில் மின்விசிறிக்குக் கீழே யார் நிற்பது என்று ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

“ஆன்ட்டி, நீங்க சும்மா நில்லுங்க. எப்பவும் நிக்கற மாதிரி” என்றாள் நிக்கோல்.

பாக்கியவதி நாற்காலியை இழுத்துப் போட்டு, அதன் முதுகில் ஒரு கையை வைத்து, மோவாயை உயர்த்தி, மூச்சை உள்ளே இழுத்து அப்படியே பூட்டிக்கொண்டார். வயிறு காணாமல் போனது. முகம் சிவந்தது.

“ஆன்ட்டி, மூச்சு விடுங்க.”

“நீ வரை... சீக்கிரம்” என்றார் பல்லுக்கு நடுவே.

சுந்தரிக்கும் நாற்காலி வேண்டியிருந்தது. அது கிடைக்காததால், உயரத்தைக் குறைக்க முழங்காலைப் புடவைக்குள் மடக்கிக்கொண்டாள். ரூபா தன் தோள்களைக் குறுக்கி, அத்தைக்குப் பின்னால் பாதி ஒளிந்தாள். பாப்பம்மா நுனிக்காலில் நின்று ஆடினாள். ஐந்து நிமிடத்தில் நிக்கோலுக்கு ஒன்று புரிந்தது. மேடம் வேண்டாம் என்ற அதே பொம்மைதான் மறுபடியும் நிற்கிறது. இந்த முறை உயிரோடு.

நிக்கோல் வரைந்துகொண்டிருந்த டேப்லெட்டை எட்டிப் பார்த்த பாக்கியவதிக்கு அடைத்த மூச்சு வெடித்து வெளியே வந்தது.

“இன்னா இது? மூஞ்சி எங்க?”

“மூஞ்சி கிடையாது ஆன்ட்டி. இப்ப இதான் ஸ்டைலு. கண்ணு, மூக்கு, வாய் எதுவும் இருக்காது. உடம்பும் நிக்கற விதமும் மட்டும்தான்.”

பாப்பம்மா கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக் கேட்டாள். “அப்ப நான் பவுடர் இன்னாத்துக்குப் போட்டேன்?”

“வாயில்லாம ஆயாவை வரைஞ்சா அது ஆயாவா?” என்றாள் ரூபா. சுந்தரி முழங்கையால் ஓர் இடி கொடுத்தாள்.

“மூஞ்சி இல்லன்னா நான் வேற பொம்பளை” என்று பாக்கியவதி தீர்ப்புச் சொன்னார். “என்கிட்ட நல்லா கீறதே மூஞ்சிதான். அதை உட்டுட்டு மிச்சத்தை எடுத்துக்கினா எப்படி?”

பியூலா சமாதானத்துக்கு டீயும் வர்க்கியும் கொண்டுவந்தாள். நிக்கோல் தலையில் கையை வைத்துக்கொண்டாள். மாலை ஆறு மணிக்குள் படங்கள் போய்ச் சேர வேண்டும். ஹெட்போன் காதில் அழுத்துவது இப்போதே தெரிந்தது.

அப்போதுதான் தெருமுனையில் அந்த ஹாரன் கேட்டது. நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு.

“தண்ணி லாரி!” என்று அலறினாள் பியூலா.

இந்த லைன் வீடுகளுக்குத் தண்ணீர் லாரி வந்து பத்து நாளாகியிருந்தது. லாரிக்காரர் சின்னசாமி கறாரான மனிதர். வீட்டுக் கணக்கெல்லாம் அவரிடம் கிடையாது, தலைக் கணக்குதான். வரிசையில் நிற்கிற தலைக்கு இரண்டு குடம். பியூலா ஹாலைத் திரும்பிப் பார்த்தாள். பட்டுப்புடவைகளை அவள் பார்க்கவில்லை. நான்கு தலைகளைப் பார்த்தாள்.

“அக்கா, இந்தா புடிங்க! சுந்தரி, நீ பச்சைக் குடம்! ரூபா, ரெண்டு எடுத்துக்கோ! ஆயா, நீங்க போய் மொதல்ல இடம் புடிங்க!”

யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கே.ஜி.எஃப்-இல் பிறந்த எந்தப் பெண்ணும் அந்த ஹாரனுக்கு ஏன் என்று கேட்கமாட்டாள். சரிகைகள் இடுப்பில் ஏறின. கொசுவம் முழங்காலுக்கு மேல் போனது. டீ டம்ளர்கள் உருள, ஐந்து பேரும் தகரக் கதவை ஒரே சமயத்தில் தாண்டப் பார்த்து, ரூபாவின் தோள் பலத்தில் ஒருவழியாக வெளியே விழுந்தார்கள்.

நிக்கோல் டேப்லெட்டோடு பின்னால் ஓடினாள். அங்கே கண்டது அவளை வாசலிலேயே நிறுத்தியது.

பாப்பம்மா எல்லாருக்கும் முன்னால், வரிசையின் முகப்பில், குடத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் கால் பரப்பி உட்கார்ந்திருந்தாள். எப்படிப் போனாள், எப்போது போனாள் என்று யாருக்கும் தெரியாது. ரூபா கைக்கொரு குடத்தைக் கேடயம் மாதிரி விரித்துப் பிடித்து, பின்னால் வந்தவர்களை முட்டியால் ஒதுக்கிக்கொண்டிருந்தாள். சுந்தரியின் கழுத்து அத்தனை தலைகளுக்கும் மேலே நீண்டு, அடுத்தவர் குடத்தில் தண்ணீர் எவ்வளவு ஏறியது என்று அளந்தது. பியூலா ஒரு விரலை நீட்டித் தலைகளை எண்ணினாள். மறு கையால் யாரையோ முதுகில் தள்ளினாள்.

“ஏய், இவங்கள்லாம் நம்ம லைன் கிடையாது!” என்று பக்கத்து வீட்டுக்காரி குரல் கொடுத்தாள். “சின்னசாமி, பட்டுப்புடவை கட்டிக்கினு யாராவது தண்ணி புடிக்க வருவாங்களா? வேணும்னே ஆள் இறக்கியிருக்கா இந்த பியூலா!”

பாக்கியவதி திரும்பினார். கால்களை அகல ஊன்றினார். ஒரு கை இடுப்பில். மறு கையில் குடம், தோளுக்கு மேலே. மூச்சு, வயிறு, எல்லாம் அதன் அதன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தன.

“தலைக்கு ரெண்டு குடம்னு சொன்னியா, புடவைக்கு ரெண்டு குடம்னு சொன்னியா? நீயே சொல்லு சின்னசாமி!”

சின்னசாமி ஒரு நொடி பாக்கியவதியைப் பார்த்தார். பிறகு ரப்பர் குழாயை அவர் குடத்துக்குள் விட்டார்.

நிக்கோலின் பேனா பறந்தது. மதில்மேல் டேப்லெட்டைச் சாய்த்து வைத்து, மூச்சுவிட மறந்து வரைந்தாள். ஒரு பொம்மைகூட இல்லை. இடுப்புகள், முழங்கைகள், கழுத்துகள், ஊன்றிய பாதங்கள். கோடு தானாக ஓடியது.

குடங்கள் வீடு சேர்ந்து, நனைந்த பட்டுகளை மின்விசிறிக்குக் காட்டிக்கொண்டு எல்லாரும் இரண்டாம் டீ குடித்த நேரத்தில் அவள் உள்ளறையில் வண்ணம் ஏற்றி முடித்து, ஐந்தையும் மேடத்துக்கு அனுப்பினாள். உடனே போன் வந்தது.

“நிக்கோல்! இவங்கல்லாம் யாரு? எங்கிருந்து புடிச்சீங்க? சூப்பர்! இன்னும் ஒண்ணே ஒண்ணு போடுங்க, சின்ன வயசுல ஒல்லியா ஒரு பொண்ணு. அப்புறம் இன்னொண்ணு. மாடலா நின்னவங்க ஒவ்வொருத்தரும் சம்மதம்னு வாய்ஸ் மெசேஜ் அனுப்பணும். அது இல்லாம சுவத்துல ஏத்த மாட்டாங்க. ஆறு மணி, மறந்துடாதீங்க.”

ஆறாவது பெண்ணை அவள் பத்து நிமிடத்தில் போட்டாள். அதற்கு ஆளைத் தேட நேரமில்லை. கைபோன போக்கில் வந்தது அது. வரைந்து முடித்து, எல்லாவற்றையும் ஹாலில் இருந்த டிவியில் பெரிதாகக் காட்டினாள்.

டிவியில் முதல் படம் வந்தது. கவிழ்த்த குடத்தின்மேல் கால் பரப்பி உட்கார்ந்த ஒரு சிறிய உருவம்.

“ஆயா!” என்று நால்வரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

“எங்க ஆயா? எந்த ஆயா?” என்றாள் பாப்பம்மா.

இரண்டாவது படம். “ரூபா! ஐயோ, ரூபாவேதான், அந்த முட்டியைப் பாரு!” ரூபா வாயைப் பிளந்து, “இது நானா? ஆன்ட்டி, நான் இவ்ளோ அகலமா?” என்றாள். மூன்றாவது படத்தில் எல்லாரும் சுந்தரியைக் கண்டார்கள், சுந்தரியைத் தவிர. நான்காவதில் பியூலாவை. மூக்கு இல்லை, கண் இல்லை, இருந்தும் ஒருவரை ஒருவர் கண்டுபிடிக்க யாருக்கும் அரை நொடிகூடத் தேவைப்படவில்லை. தன்னைக் கண்டுபிடிக்கத்தான் யாராலும் முடியவில்லை.

ஐந்தாவது படம் வந்ததும் ஹால் முழுக்கச் சிரிப்பு. “பாக்கியக்கா! சின்னசாமியைக் கேக்கறாங்க பாரு!”

பாக்கியவதி சிரிக்கவில்லை. “இது நான் இல்ல” என்றார்.

“நீங்கதான்க்கா” என்றாள் பியூலா.

“நான் இல்லன்னு சொல்றேன் இல்ல? இவ்ளோ பெரிய இடுப்பு எனக்கு ஏது? நிக்கோல், இதை அழிச்சுடு. பெங்களூர்க்காரங்க முன்னாடி ஆறடிக்கு என்னை இப்படி நிக்க வெப்பியா? சம்மதமும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. வாங்க எல்லாரும், போலாம்.”

செயலாளர் எழுந்தால் ஐக்கியமும் எழும். ரூபா கைப்பையை எடுத்தாள். சுந்தரி நனைந்த மல்லிகையைச் சரிசெய்தாள். ஐந்தே முக்கால். நிக்கோல் அம்மாவைப் பார்த்தாள். ‘சொன்னேன் இல்ல’ என்றது அம்மாவின் பார்வை. ஃப்ரெடி மாமாவின் நம்பரை அவள் ஏற்கெனவே தேடிக்கொண்டிருந்தாள்.

“ஆன்ட்டி, ஒரு நிமிஷம். அழிச்சுடறேன். அழிக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை பக்கத்துல வந்து பாருங்க. எது பிடிக்கலன்னு சொல்லுங்க, மாத்தறேன்.”

பாக்கியவதி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டிவிக்கு ஒரு சாண் தூரத்தில் போய் நின்றார். பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். திடீரென்று ஓரடி பின்வாங்கினார்.

“அம்மாடி!”

“இன்னாக்கா?”

“இது... இது எங்க மாமியாருடி!”

பாக்கியவதி திரையில் விரலை வைத்து வைத்துக் காட்டினார்.

“அதே கால், அதே இடுப்பு, அதே கை! சமையல்ரூம் வாசல்ல பத்து வருஷம் இப்படித்தான் நின்னா மகராசி. ‘குழம்புல இன்னாடி போட்ட’ன்னு கேட்டுக்கினே நிப்பா. நிக்கோல், நீ பொறக்கறதுக்கு முன்னாடியே செத்தவளை நீ எப்படிம்மா பார்த்த?” அவர் முகத்தில் வெளிச்சம் பரவிக்கொண்டே போனது. “ஆறடின்னா சொன்ன? பத்தடியா வெக்கச் சொல்லு. அந்த இடுப்பை ஊரே பார்க்கட்டும்!”

நிக்கோல் வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள், போனை நீட்டினாள்.

பாக்கியவதி தொண்டையைச் செருமினார். “மேடம், நான் பாக்கியவதி பேசறேன். இந்தப் படத்துல கீறது எங்க மாமியாரு. அவங்க இப்ப இல்ல. அவங்க சார்புல எனக்கு முழுச் சம்மதம்.”

அவ்வளவுதான். ஹாலில் யாரோ மடையைத் திறந்துவிட்ட மாதிரி ஆனது. சுந்தரி பாய்ந்து வந்து தன் படத்தின்முன் நின்றாள்.

“அதான் பார்த்தேன்! இது எங்க ஓரகத்தி, குடியாத்தத்துல கீறாளே. அடுத்தவ குடத்துல எவ்ளோன்னு பார்க்கற அந்தக் கழுத்தைப் பாருங்க. எங்க மாமனார் சொத்து பிரிக்கும்போது இப்படித்தான் நீட்டினா. குடு போனை!”

“என்னுது எங்க நாத்தனார்” என்றாள் ரூபா.

சுந்தரி சடாரென்று திரும்பினாள். “என் பொண்ணா? என் பொண்ணு எப்ப யாரை இப்படி இடிச்சா?”

“அப்ப நான்தான் இடிப்பேன்றீங்களா அத்தை?”

சுந்தரி பாக்கியவதியைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள். “... லைட்டா அவ சாயல் கீது. அனுப்பிடு.”

பாப்பம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. அது செத்துப்போன தங்கச்சி. “எந்த வரிசையில நின்னாலும் முன்னாடி போய் உக்காந்துக்குவா. என் அரக்குப் புடவையை வாங்கிக் கட்டிக்கினு போனவ, கட்டிக்கினே செத்தா. நல்லா தெரியற இடமா பார்த்து ஒட்டச் சொல்லு, இன்னா?”

கடைசியாக பியூலா வந்தாள். ஃப்ரெடி மாமாவின் நம்பர் இன்னும் திரையில் இருந்தது. அதை அணைத்துவிட்டு, நீட்டிய விரலோடு நின்ற அந்தப் பெண்ணை உற்றுப் பார்த்தாள். “எங்க பெரியக்கா” என்றாள் அடங்கிய குரலில். “எங்க எல்லாரையும் எண்ணிக்கினே இருப்பா, வெரலை நீட்டிக்கினு. நல்லா போட்டிருக்கடி. இப்படியே வீட்ல உக்காந்து போடு.” பிறகு போனை வாங்கிச் சம்மதம் சொன்னாள்.

நிக்கோலுக்குத் தரையில் கால் பாவவில்லை. ஐந்து வாய்ஸ் மெசேஜும் போய்ச் சேர்ந்தன. மேடத்திடமிருந்து பதில் வந்தது. ‘அஞ்சும் ஓகே. ஆறாவது பொண்ணு யாரு? அவங்க குரல் எங்க?’

“ஆறாவது யாரும் இல்ல” என்று நிக்கோல் சொல்லிக்கொண்டே அந்தப் படத்தை டிவியில் போட்டாள். “சும்மா கற்பனைல போட்டது.”

ஒல்லியாக ஒரு பெண். உச்சியில் அள்ளிச் செருகிய கொண்டை. ஒரு தோள் மேலே, ஒரு தோள் கீழே, கழுத்து முன்னால். யாரோடோ சண்டைக்கு நிற்கிற மாதிரி இடது முழங்கையை வெளியே தள்ளிக்கொண்டு, ஒற்றைக் காலில் நின்று மறு பாதத்தால் கெண்டைக்காலைச் சொறிந்துகொண்டிருந்தாள்.

ஹாலில் ஐந்து பேரும் படத்தைப் பார்த்தார்கள். பிறகு நிக்கோலைப் பார்த்தார்கள். கொண்டையை, தூக்கிய தோளை, வெளியே துருத்திய முழங்கையை, கெண்டைக்காலில் உரசிக்கொண்டிருந்த பாதத்தை.

“நீதாண்டி!” என்றாள் பாப்பம்மா.

“நீயேதான்!” என்றாள் ரூபா. “ஆன்ட்டி, போட்டோ மாதிரி இல்ல?”

“நேரமாவுது, பேசு” என்று பாக்கியவதி போனைப் பிடுங்கி, மைக் பொத்தானை அழுத்திப் பிடித்து அவள் வாய்க்கு நேராக நீட்டினார். “சம்மதம்னு சொல்லு.”

நிக்கோல் டிவியருகே போனாள். நேர்மையாகவே பார்த்தாள். அந்தத் தோளை, அந்த முழங்கையை, எப்போதும் யாரையோ மறுத்துப் பேசத் தயாராக நீண்டிருந்த அந்தக் கழுத்தை. எங்கேயோ பார்த்த நிலைதான். தினமும் பார்க்கிற நிலைதான். பளிச்சென்று பிடிபட்டது அவளுக்கு.

“மேடம், நிக்கோல் பேசறேன். எல்லாரும் நான்தான்னு சொல்றாங்க, நம்பாதீங்க. இது எங்கம்மா. அவங்க சார்புல எனக்குச் சம்மதம்.”